பள்ளிக்குப் பதினொரு நிமிடம்

நாங்கள் இப்போது ஆம்பூர் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடி போர்ஷனில் வாடகைக்கு இருக்கிறோம். ஊருக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரத்து மனைப்பிரிவில், வெயிலில் நின்று பார்த்துப் பார்த்துக் கட்டிய எங்கள் சொந்த வீடு பூட்டிக் கிடக்கிறது. தெரிந்தவர்கள் காரணம் கேட்கிறார்கள். "பொண்ணுக்கு ஸ்கூல் பக்கம்" என்று சொல்லிவிடுகிறேன். அது பொய் இல்லை. மீதியைச் சொல்ல வாய் வருவதில்லை. எழுதினால் வருமா என்று பார்க்கிறேன்.

மனைப்பிரிவின் வாசலில் இருந்த பலகையில் 'ஆம்பூருக்கு ஐந்தே நிமிடம்' என்று எழுதியிருந்தார்கள். காரில் போனால் அது உண்மைதான். நடந்து போனால் எவ்வளவு நேரம் என்று அவர்கள் எழுதவில்லை, நாங்களும் கேட்கவில்லை. என் கணவர் வாணியம்பாடிப் பக்கத்தில், தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீரைச் சுத்தம் செய்கிற நிலையத்தில் சூப்பர்வைசர். "நாள் பூரா அந்த நாத்தத்துலதான் நிக்கிறேன். வீட்டுக்கு வந்தா காத்தாவது நல்லா வரட்டும்" என்றார். காற்று நன்றாகத்தான் வந்தது. மொட்டை மாடியில் நின்றால் மலை தெரியும். இரண்டு வருடம் அங்கே இருந்தோம்.

நான் எதற்கும் பயப்படுகிறவள். போன புதிதில் பாம்புக்குப் பயந்தேன். காலி மனைகளில் முள்செடி ஆளுயரம் வளர்ந்து கிடந்தது. பிறகு திருடனுக்குப் பயந்தேன். ஜன்னல்களுக்கு வெளியே இன்னொரு கிரில் போடவைத்தேன். கேட்டுக்கு மேல் கேமரா மாட்டினோம். என் பயம் முழுவதும் வீட்டுக்குள் யார் வந்துவிடுவார்களோ என்பதைப் பற்றியே இருந்தது. வீட்டிலிருந்து ஒருத்தி தினமும் வெளியே போகிறாளே என்று நான் அந்த அளவுக்கு யோசிக்கவில்லை.

என் மகள் அப்போது எட்டாம் வகுப்பு. எங்கள் வீடு சாலைக்கு இந்தப் பக்கம். ஆம்பூர் போகும் பஸ் நிற்பது அந்தப் பக்கம். நடுவில் சென்னைக்கும் பெங்களூருக்கும் ஓயாமல் ஓடுகிற நெடுஞ்சாலை. சுரங்கப்பாதை ஒன்று உண்டு. ஆனால் அதற்குப் போக, எதிரில் வரும் லாரிகளைப் பார்த்தபடி ஒன்றரை கிலோமீட்டர் சாலையோரமாகவே நடக்க வேண்டும். யாரும் போவதில்லை. சாலையின் நடுத்திட்டில் அரளிச் செடிகளுக்கு இடையே ஓர் ஆள் நுழைகிற அளவுக்குச் சந்து இருந்தது. எல்லோரும் அதன் வழியாகத்தான் தாண்டினார்கள். நாலு பிள்ளைகளுக்காக அவ்வளவு தூரம் வர முடியாது என்று பள்ளி வேன்காரர் முதலிலேயே சொல்லிவிட்டார்.

அதனால் என் மகளைத் தினமும் சாலை தாண்டவைத்தது ஷூ கம்பெனிப் பெண்கள்தான். பக்கத்துக் காலனியிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் காலை ஏழு பத்துக்குச் சாலையோரம் வந்து சேர்வார்கள். கம்பெனி பஸ்ஸும் அந்தப் பக்கம்தான் வரும். தனியாக யாரும் தாண்டக் கூடாது என்பது அவர்களே வைத்துக்கொண்ட வழக்கம். குறைந்தது ஐந்து பேர் சேர வேண்டும். சேர்ந்ததும், தையல் பிரிவில் வேலை செய்கிற ஓர் அக்கா முதலில் இறங்குவார். மற்றவர்கள் கைகோத்துக்கொண்டு பின்னால் போவார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகளை நடுவில் விட்டு. முதல் வாரமே நான் அந்த அக்காவிடம் போய்ச் சொல்லிவைத்தேன்.

"உட்டுட்டுப் போங்க மேடம். எங்க பசங்க மாதிரிதான் இதுவும்" என்றார்.

நானும் ஒரு ஷூ கம்பெனியில்தான் வேலை செய்கிறேன், ஆபீஸில், ஏற்றுமதிப் பேப்பர்கள் பார்க்கிற இடத்தில். ஆபீஸ்காரர்களுக்குத் தனி வேன். அது எட்டேகாலுக்கு எங்கள் தெருமுனைக்கே வந்து, சுரங்கப்பாதை வழியாகச் சுற்றிக்கொண்டு போகும். ஆக, இரண்டு வருடத்தில் நான் ஒருமுறைகூட அந்தச் சாலையைக் காலால் தாண்டியதில்லை. என் மகள் எப்படித் தாண்டுகிறாள் என்று ஒருமுறைகூடப் போய் நின்று பார்த்ததுமில்லை. இதை எழுதும்போது எனக்கே நம்ப முடியவில்லை. பூனை தாண்டினால்கூடப் போனில் மணி அடிக்கிற மாதிரி கேமரா வைத்த வீடு அது.

ரம்ஜானுக்கு எங்கள் கம்பெனியிலும் அக்கம்பக்கத்துக் கம்பெனிகளிலும் இரண்டு நாள் லீவு விட்டார்கள், பெருநாளன்றும் மறுநாளும். பள்ளிக்கு ஒரே நாள். மறுநாள் என் கணவர் வழக்கம்போல் ஆறு மணிக்கே பைக்கில் கிளம்பிவிட்டார். கம்பெனிகள் மூடினாலும் கழிவுநீர் நிலையம் ஓடியாக வேண்டும். மகள் தானே எழுந்து குளித்து, எலுமிச்சைச் சோற்றைக் கட்டிக்கொண்டாள். "அம்மா, போய்ட்டு வர்றேன்" என்ற குரல் கேட்டது. நான் படுக்கையிலிருந்தே "ம்" என்றேன். லீவு நாளில் வருகிற அந்தக் கனமான தூக்கத்தில் இருந்தேன்.

ஏழே முக்காலுக்கு எழுந்து குப்பைக் கூடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். எதிரே அந்த அக்கா நைட்டியின் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு, கையில் பால் பாக்கெட்டோடு வந்துகொண்டிருந்தார்.

"இன்னா மேடம், லீவுன்னதும் செம தூக்கமா? மூஞ்சியே வீங்கிக் கீது."

"நீங்க மட்டும் என்னவாம். நைட்டியோட ஊர்வலம் போறீங்க."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு உறைத்தது. இவர் இங்கே இருக்கிறார்.

"அக்கா, பாப்பாவ யாரு தாண்ட வெச்சாங்க?"

அவருக்கு முதலில் புரியவில்லை. பிறகு சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றுபோனது. "இன்னிக்கி ஸ்கூல் கீதா?" என்றார்.

கூடையை எங்கே போட்டேன் என்று தெரியவில்லை. செருப்பு இல்லாமல் ஓடினேன். எங்கள் தெருவிலிருந்து நெடுஞ்சாலைக்கு அரை கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். பாதிக்குமேல் தார் போடாத ஜல்லி. பின்னால் அக்கா ஓடிவருகிற சத்தம் கேட்டது. நான் அப்போது எதையும் யோசிக்கவில்லை என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் யோசித்தேன். சாலையோரம் கூட்டம் கூடியிருக்கிறதா என்றுதான் ஓடும்போது பார்த்துக்கொண்டே வந்தேன். கூட்டம் இல்லை. அது நல்லதா கெட்டதா என்றுகூடத் தெரியவில்லை.

அவள் நடுத்திட்டில் நின்றுகொண்டிருந்தாள். அரளிச் செடிகளுக்கு நடுவே, பையை மார்போடு கட்டிக்கொண்டு. அரைமணி நேரத்துக்கு மேல் அங்கேயே நின்றிருக்கிறாள். பின்னால்தான் சொன்னாள்: கம்பெனி அக்காக்கள் யாரையும் காணோம் என்று காத்திருந்தாளாம். பால் கேனோடு ஒருவர் வந்தாராம். அவரோடு பாதிவரை போய்விட்டாள். மீதிப் பாதியை அவர் ஓடித் தாண்டிவிட்டார். ஓடக் கூடாது என்று இவளுக்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள். அதனால் இவள் ஓடவில்லை. முன்னாலும் போகாமல் பின்னாலும் வராமல் அப்படியே நின்றுவிட்டாள். ஒவ்வொரு லாரி போகும்போதும் செடியும் அவள் பாவாடையும் ஒரே பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்ததை நான் பார்த்தேன்.

அவளும் என்னைப் பார்த்தாள். அவள் உடம்பு என் பக்கம் திரும்பியது. இறங்கிவிடுவாளோ என்று பயந்து, "அங்கயே நில்லு" என்று கத்தினேன். அந்த இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. உடனே வலது கையை உயரத் தூக்கி, உள்ளங்கையை அவள் பக்கம் காட்டினேன். நில் என்று. உலகத்தில் யாராக இருந்தாலும் அப்படித்தான் காட்டியிருப்பார்கள்.

அவள் இறங்கி நடந்தாள்.

ஓடவில்லை. இடமும் வலமும் பார்க்கவில்லை. என் கையை மட்டுமே பார்த்துக்கொண்டு, அளந்து வைத்த மாதிரி அடியெடுத்து நடந்து வந்தாள். ஒரு கன்டெய்னர் லாரி வந்துகொண்டிருந்தது. ஹாரன் அடித்தது எனக்குக் கேட்டது, அவளுக்கும் கேட்டிருக்கும். அவள் கண் என் கையைவிட்டு அசையவே இல்லை. நான் கையை இறக்கவும் இல்லை, முடியவில்லை. பிரேக் பிடித்த டயரின் சத்தம், ரப்பர் கருகிய நாற்றம். லாரி அவளுக்குப் பின்னால் வலதுபக்கம் திரும்பி, நடுத்திட்டின் மேல் ஏறி, அவள் நின்றிருந்த இடத்திலிருந்த செடிகளையெல்லாம் நசுக்கிக்கொண்டு நின்றது. அவள் என்னிடம் வந்து சேர்ந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தாள்.

லாரிக்காரர் இறங்கி வந்தார். வடக்கத்திக்காரர். திட்டுவார், அடிக்கக்கூடச் செய்வார் என்று காத்திருந்தேன். அவர் என் மகளை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "பச்சி, பச்சி" என்று இரண்டு தரம் சொன்னார். இந்தியில் குழந்தை என்று அர்த்தம். பிறகு போய் டயர் ஓரமாக மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். அக்காதான் அவருக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தார்.

வீட்டுக்கு நடக்கும்போது மகள் ஒரே ஒரு தடவை பேசினாள்.

"நீதானேம்மா கையத் தூக்கின?"

எனக்கு அப்போது அதன் அர்த்தம் புரியவில்லை. அன்று மத்தியானம் அக்கா என் வீட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதபோதுதான் புரிந்தது. சாலையில் இறங்கியதும் அவர் வலது கையை உயரத் தூக்கிக்கொள்வார், வண்டிகளுக்கு. பின்னால் வருகிற பிள்ளைகளுக்கு அவர் சொல்லிக்கொடுத்தது இதுதான்: கை மேலே இருக்கிறவரை நட.

"வண்டியப் பாத்தா பசங்க பயந்து நடுவுலயே நின்னுடுதுங்க மேடம். அதான், வண்டியப் பாக்காதீங்க, என் கையப் பாருங்கன்னு சொல்லி வெச்சிருந்தேன். ரெண்டு வருசமா அதேதான். நான்தான் லீவுன்னு பாப்பாகிட்ட சொல்லாம உட்டுட்டேன்."

அவர் தன்னைத்தான் குற்றவாளி என்று நினைத்துக்கொண்டிருந்தார். நான் கையைத் தூக்கியதை அவர் பின்னால் ஓடிவரும்போது பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை.

சாயங்காலம் என் கணவர் வந்தார். விஷயம் அதற்குள் அவருடைய நிலையம்வரை போய்விட்டிருந்தது. "எப்படி ஆச்சு?" என்றார். மகள் சோற்றுத் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். நான் சொன்னேன்: "நான் போய் நிக்கறதுக்குள்ள எறங்கிட்டா."

அவ்வளவுதான் சொன்னேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டாள்.

"எத்தினி வாட்டி சொல்லியிருக்கேன், அவசரப்படாத, அவசரப்படாதன்னு" என்று அவர் ஆரம்பித்தார். பயந்தவர்கள் திட்டுகிற மாதிரி நிறுத்தாமல் திட்டினார். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை.

அடுத்த சில நாட்கள் கேமராவில் பதிவானதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். காலை ஏழு மணி. கேட்டைத் திறக்கிறாள். ஆளில்லாத எங்கள் தெருவில்கூட இரண்டு பக்கமும் பார்க்கிறாள். பிறகுதான் காலை வெளியே வைக்கிறாள். அவசரக்காரி என்று அவள் அப்பா சொல்கிற பெண் இவள். அதைப் பார்த்துவிட்டும் நான் சொல்லவில்லை.

எனக்குத் தூக்கம் போயிற்று. வேனில் போகும்போது அந்த இடம் வந்தால் கண்ணை மூடிக்கொள்வேன். முழுப் பரீட்சைவரை நானே ஷேர் ஆட்டோ பேசி அவளைச் சுற்றுவழியில் கூட்டிப்போய் விட்டுவிட்டு, தாமதமாக ஆபீஸ் போனேன். ஆட்டோவும் சுரங்கப்பாதைவரை எதிர்த்திசையில்தான் போகும். அவளைச் சாலைப் பக்கம் உட்காரவிடாமல் உள்பக்கம் தள்ளி, அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். ஒருநாள் "வலிக்குதும்மா" என்றாள். பார்த்தால் கையில் என் விரல் பதிந்திருந்தது.

பரீட்சை முடிந்த அன்று, டவுனுக்குள் வீடு பார்க்க வேண்டும் என்று என் கணவரிடம் சொன்னேன்.

"உனக்கு ஸ்கூட்டி வாங்கித் தர்றேன். நீயே கொண்டுபோய் உடு."

"ஸ்கூட்டியும் அந்த ரோட்டுலதான் போவணும்."

"அதுக்கு சொந்த வீட்ட பூட்டிட்டு டவுன்ல அந்த நாத்தக் கால்வாய் பக்கத்துல போய் வாடகைக்கு இருக்கறதா? பாக்கறவன் இன்னா நினைப்பான்?"

"நடந்து போற தூரத்துல ஸ்கூல் இருக்கணும். நடுவுல பெரிய ரோடு இருக்கக் கூடாது. எனக்கு வேற எதுவும் வேணாம்."

"பயத்துல எடுக்கற முடிவு இது."

"ஆமா" என்றேன். அதை மறுக்க எனக்கு என்ன இருக்கிறது?

இந்தப் போர்ஷனைப் பார்த்ததும் அட்வான்ஸ் கொடுக்கவில்லை. மூன்று நாள், பள்ளி நேரத்தில் நானே இங்கிருந்து பள்ளிக்கு நடந்து பார்த்தேன். பதினொரு நிமிடம். வழியில் என்னென்ன பயம் என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டே போனேன். சந்து முனையில் மூடி உடைந்த சாக்கடை. கறிக்கடை முன்னால் நாய்கள். தோல் ஏற்றிவருகிற தள்ளுவண்டிகள், அவற்றிலிருந்து சொட்டுகிற உப்புத் தண்ணீரில் வழுக்கும் தரை. மசூதி தாண்டி ஒரு வளைவு, அங்கே பையன்கள் பைக்கைத் திருகிக்கொண்டு வருவார்கள். ஆனால் எந்த இடத்திலும் ஒரு வண்டியாலும் வேகமாகப் போக முடியாது. ஆடு குறுக்கே வரும், பூ விற்கிறவர் நடுவில் உட்கார்ந்திருப்பார், எதிரில் இன்னொரு ஆட்டோ அடைத்துக்கொண்டு நிற்கும். எல்லோரும் எரிச்சலோடு மெதுவாகத்தான் போனார்கள். அந்த நெரிசலைப் பார்க்கப் பார்க்க எனக்கு மூச்சு சீரானது. கடைத்தெருவின் பஜார் சாலை ஒன்றைத்தான் தாண்ட வேண்டியிருக்கும் என்று முதலில் நினைத்தேன். பள்ளி அதற்கு இந்தப் பக்கமே இருந்தது. மூன்றாம் நாள் அட்வான்ஸ் கொடுத்தேன்.

கீழ் வீட்டில் வீட்டுக்காரம்மா. உருதும் தமிழும் கலந்து பேசுவார். சாமான் இறக்கும்போதே வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"இன்னாமா, சொந்த பங்களாவ உட்டுட்டு எங்க சந்துல வந்து குந்திக்கினீங்க. பேஜாரா இல்ல?"

"பொண்ணுக்கு ஸ்கூல் பக்கம்."

"அச்சா. உங்க ஊட்டுக்காரர் மூஞ்சியப் பாத்தா அவருதான் ஸ்கூலுக்குப் போற மாதிரி கீறாரு."

என் கணவர் மூக்கைச் சுளித்துக்கொண்டு ஜன்னலை மூடினார். கால்வாய் நாற்றம் மத்தியானத்துக்கு மேல் வரும். தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள். அவர் ஒரு மாதம் யாரோடும் சரியாகப் பேசவில்லை. யாராவது வந்து கேட்டால், "இவ ரோட்டுல அவசரப்பட்டு எறங்கிட்டா. அதுக்குதான் இந்த தண்டனை எல்லாருக்கும்" என்பார், மகள் இருக்கும்போதே. என் சொந்த அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது, அத்தனை பேர் முன்னாலும் இதையே சொல்லி அவளைத் திட்டினார்.

ஜூனில் பள்ளி திறந்தது. மகள் முதுகில் பையைப் போட்டுக்கொண்டு படியிறங்கினாள். அவள் சந்து முனை திரும்பியதும் நானும் இறங்கினேன். முப்பது அடி பின்னால், கடைகளின் நிழலில், முந்தானையால் தலையை மூடிக்கொண்டு. பள்ளி கேட்டுக்குள் அவள் பின்னல் மறைகிறவரை நின்றுவிட்டுத் திரும்பினேன். முதல் நாள் மட்டும் என்று நினைத்தேன். ஒரு வாரமானது. இரண்டு மாதமானது. சாயங்காலம் ஆபீஸிலிருந்து அனுமதி கேட்டுச் சீக்கிரம் வந்து திரும்பிவருவதையும் பார்க்க ஆரம்பித்தேன். ஒரு ஸ்கூட்டர் அவளை ஒட்டிப்போனால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

நான் மறைந்து போகிறேன் என்று நான்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பஞ்சர் கடைக்காரர் ஒருநாள் ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"மெதுவாவே போங்க மேடம். பாப்பா இப்பதான் மசூதி தாண்டிச்சு."

கறிக்கடைக்காரர், நான் வருகிற நேரம் பார்த்து நாயை விரட்டிவிடுவார். பூக்காரம்மா, "இன்னிக்கி ஜாஸ்தி வேகமா போவுது உங்க பொண்ணு, கொஞ்சம் எட்டிப் போடுங்க" என்பார். எனக்குத் தெரியாமலே அந்தச் சந்து முழுக்க என்னோடு வேவு பார்த்தது. அது ஆறுதலாகவும் இருந்தது, அவமானமாகவும் இருந்தது.

ஆகஸ்டில் ஒருநாள் சாயங்காலம், வளைவைத் தாண்டியதும் அவள் நின்றாள். திரும்பி நேராக என்னிடம் வந்தாள்.

"எல்லாரும் எங்கிட்ட சொல்றாங்கம்மா. க்ளாஸ்ல எனக்கு பேரே வெச்சிட்டாங்க."

"என்ன பேரு?"

"கலெக்டர். பின்னாடி எஸ்கார்ட் வருதாம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை.

"நீ எதுக்கு வர்ற? ரோட்டுக்குப் பயந்தா, என்ன நம்பாமயா?"

"வண்டிங்க தாறுமாறா வருதுடி."

"அப்பாதான் நான் அவசரக்காரின்னு நினைக்கிறாரு. நீயும் அப்டியே நினைக்கிறியா? உனக்குத் தெரியும்ல."

ஒரு தள்ளுவண்டி வழி கேட்டது. இரண்டு பேரும் சுவரோரம் ஒதுங்கினோம்.

"நீ ஏன் அப்பாகிட்ட சொல்லல?" என்று கேட்டேன். இத்தனை மாதத்தில் முதல் தடவையாக.

"நீ சொல்லுவன்னு இருந்தேன்" என்றாள். வண்டி போனதும் அவள் முன்னால் நடந்தாள். நான் அங்கேயே நின்றேன். அன்று அவளுக்குப் பின்னால் போகவில்லை, போக வெட்கமாக இருந்தது.

அன்றிலிருந்து எனக்கு வேறு பயம் பிடித்துக்கொண்டது. சொன்னால் என் கணவர் என்ன செய்வார் என்பது ஒன்று. அதைவிட, அவள் இனிமேல் காத்திருக்க மாட்டாளோ என்பது. அவள் சொல்லிவிடுவாள் என்ற பயம் எனக்கு இல்லை. சொல்லாமலே என்னைவிட்டு விலகிவிடுவாள், நானும் அவள் அப்பாவும் சொல்கிற அந்த அவசரக்காரியாகவே தன்னை நம்ப ஆரம்பித்துவிடுவாள் என்ற பயம். இப்போதே அவள் படியிறங்கும்போது ஒவ்வொரு படியிலும் தயங்குவதை நான் பார்த்திருந்தேன்.

மனைப்பிரிவில் இருந்த இரண்டு வருடத்தில் நானும் என் கணவரும் சேர்ந்து நடந்ததே கிடையாது. நடக்க அங்கே போக்கிடம் இல்லை. இங்கே வந்த பிறகு, முறைத்துக்கொண்டேயாவது, காய் வாங்கச் சாயங்காலம் ஏழு மணிக்கு முன்னால் சேர்ந்து இறங்குவோம். பக்கத்தில் பக்கத்தில் நடக்கும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. மகள் அப்படிச் சொன்ன மறுநாள், கத்தரிக்காய் பையை அவர் பிடித்துக்கொண்டு வர, நான் சொன்னேன்.

"ஏங்க, அன்னிக்கி அவளா எறங்கல."

"என்னிக்கி?"

"லாரி அன்னிக்கி. நான் நில்லுன்னு கையத் தூக்கினேன். அந்த கம்பெனி அக்கா அவளுக்கு, கை மேல இருந்தா நடன்னு பழக்கி வெச்சிருந்தாங்க. எனக்குத் தெரியாது. என் கையப் பாத்துதான் அவ எறங்கினா."

அவர் நிற்கவில்லை. இரண்டு மூன்று கடை தாண்டும்வரை நடந்துகொண்டே இருந்தார். எதிரே வந்த ஒரு பைக்குக்கு வழிவிட்டு என்னைக் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். பிடித்த கையை விட்டார்.

"அவளுக்குத் தெரியுமா, உன் கையாலன்னு?"

"தெரியும்."

"ஒரு வார்த்தை சொல்லலியே அது."

பூக்காரம்மாவின் கூடையைச் சுற்றிக்கொண்டு நடந்தோம்.

"உங்கக்கா வீட்டுல அத்தினி பேர் முன்னாடி திட்டினேனே. அப்பகூட நீ பக்கத்துலதானே நின்ன?"

"ஆமா."

அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். "நானும் போய் ஒருநாளாவது பாத்திருக்கணும், எப்டித் தாண்டுதுன்னு" என்றார்.

சாப்பிடும்போது அவர் மகளைப் பார்க்காமல் சொன்னார்.

"நாளைக்கி ஸ்கூல் உட்டு வர்றப்ப, எனக்கு ப்ளாண்ட்டுல எழுத ஒரு லாங் சைஸ் நோட்டு வேணும். பஜாருக்கு அந்தாண்ட அந்த பேப்பர் கடை இருக்குல்ல, அங்க நல்லா இருக்கும். வாங்கியாந்துடுறியா?"

என் கை சோற்றில் நின்றது. பஜார் சாலை, அதிலும் சாயங்காலம் ஐந்து மணிக்கு. வாணியம்பாடி பஸ்ஸெல்லாம் உள்ளே வருகிற நேரம். அந்தச் சாலையைத் தாண்டவே கூடாது என்று நான் அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். அவருக்கும் அது தெரியும்.

"நானா?" என்றாள்.

"வேற யாரு? நீ பாத்துதான் தாண்டுவ."

அவள் என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு நூறு காரணம் இருந்தது. அத்தனையும் நாக்கு நுனிவரை வந்தது. "கோடு போட்டதா, போடாததான்னு அப்பாகிட்ட கேட்டுக்கோ" என்றேன்.

மறுநாள் ஆபீஸில் சீக்கிரம் போக அனுமதி கேட்கவில்லை. நாலரைக்குப் பள்ளி விடும். நாலே முக்காலுக்குப் பஜாருக்கு வந்திருப்பாள். திரையில் ஒரு இன்வாய்ஸ் திறந்திருந்தது. ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எந்த இடத்தில் நிற்பாள், எந்தப் பக்கம் முதலில் பார்ப்பாள், பஸ் மறைத்தால் அதற்குப் பின்னால் வருகிற வண்டி தெரியுமா என்று ஒவ்வொன்றாக வந்தது. உள்ளங்கை வியர்த்து மவுஸ் வழுக்கியது. பக்கத்து சீட்டுக்காரி, "மேடம், உடம்பு சரியில்லையா, ஒரு மாதிரி கீறீங்க" என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

ஐந்து மணி ஆனது. ஐந்து பத்து ஆனது. வீட்டுக்காரம்மாவின் நம்பர் போனில் முதலாவதாக இருந்தது. பஞ்சர் கடைக்காரர் நம்பரும் இருந்தது, அதை நானே கேட்டு வாங்கி வைத்திருந்தேன். போனை எடுத்தேன். மேஜைமேல் கவிழ்த்து வைத்தேன். இந்த நிமிடம் அவள் சாலையின் எந்தப் பக்கம் இருக்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. ஆபீஸ் விட இன்னும் இருபது நிமிடம் இருந்தது. நான் யாருக்கும் போன் செய்யவில்லை.